ஆவூரும் ஓரியூரும்

ஆட்சியாளரின் ஐயப்பாட்டுக்கு ஆளான ஒரு சமயத்தார் தம் நம்பிக்கையை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள ஆவூரே சான்று பகரும். அங்குக் கத்தோலிக்கத் திருச்சபையை 1697-ஆம் ஆண்டளவில் நிலைநாட்டியவர் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் பூஷே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அம்மிஷனின் மற்றொரு துறவி மறவர் சீமையில் தலை கொய்யப்பட்டார்.

அவரே ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தர். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, இந்நாட்டில் பண்டாரக் கோலம் பூண்டு சமயப் பணி புரிந்தவர். 1686-இல் சிறைப்பட்டபோது கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, இனித் தம் சீமையில் போதிக்கலாகாது என ஆணையிட்டார். போர்ச்சுக்கல் சென்ற அவர், உயிருக்கு ஆபத்து என்றறிந்தும் திரும்பி வந்தார். தடியத் தேவர் என்பார் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். தடியத் தேவரோ இராமநாதபுர அரியணைக்கு உரிமை பாராட்டக்கூடியவர். ஆகவே சமயச் சினத்தோடு அரசியல் அச்சமும் கலந்தது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டார்.

தம் மைத்துனர் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்கு அதிபராக்கியவரும் இதே சேதுபதியே. அத்தொண்டைமான் காலத்தில்தான் ஆவூர் ஆலயம் எழுந்தது என்பது கருதத்தக்கது. கொல்லப்பட்டவரின் கூட்டத்தார் பழிவாங்கப் படை திரட்டவில்லை. அஞ்சி ஊரை விட்டு ஓடவுமில்லை.

'அவர் போர்ச்சுக்கீசியர் அல்லவா?' என நம்மவர் வினவக்கூடும். போர்ச்சுக்கீசியர் நம் மரக்கலங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இழைத்த கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் பதிவு செய்துள்ளார்கள். அவற்றை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது திருமறையின் கட்டளை. 'அல்புரூஜ்' அத்தியாயம் கூறும் அகழியில் மாண்ட நம்பிக்கையாளர்கள், யமன் மன்னனால் எரிக்கப்பட்ட நஜ்ரான் கிறிஸ்தவர்களே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. குறைஷியரின் கொடுமைக்குத் தப்பிச் சென்ற நபித்தோழர்களைத் திருப்பியனுப்ப மறுத்தவரும் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியன்றோ?

ஆவூரில் பெரிய ஆலயம் 1747-இல், கர்நாடகப் போர்க் காலத்திலேயே எழுந்தது. 1773-இல் போப்பாண்டவர் 14-ஆம் கிளெமென்ட் இயேசு சபையைக் கலைத்தார். 1814-இல்தான் அச்சபை மீண்டும் உயிர் பெற்றது. அரசர் ஆதரவும் அயல்நாட்டுத் துணையும் நிலையற்றவை என்பதை அம்மக்கள் இவ்வாறு இருமுறை கண்டனர். ஆயினும் ஆவூர்த் திருச்சபை இன்றும் நிலவுகிறது.

சிறுபான்மையினரின் ஈமானை அந்நிய விசுவாசமாகக் காணும் பார்வை எத்துணைத் துயர் தரும் என்பதை நாம் அறிவோம். அதே பார்வையால் நம் அண்டை வீட்டாரை அளப்பது நமக்கு அடுக்குமா?