ரேந்தையும் தோள்சீலையும்: தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு

குமரி மாவட்டத்தின் கருங்கல், நெய்யூர், குளச்சல் வட்டாரத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்று சட்டத்திலிருந்துதான் தொடங்குகிறோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 1098 என்ற உதவி எண் என்று பேச்சு நீளும். சட்டம் வந்தது, பாதுகாப்பு பின்தொடர்ந்தது என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது. இந்த மண்ணின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்றுகளோ இதற்கு நேர்மாறான வரிசையைக் காட்டுகின்றன. தங்க ஓர் இடம், கையில் ஒரு தொழில், தன் பெயரில் கூலி, தெருவில் துணைக்கு நிற்க ஆட்கள் ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில்தான் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்பிள்ளைகள் முதலில் ஓரளவு அச்சமின்றி வாழ்ந்தார்கள். அரசாணை அதன்பிறகே, பெரும்பாலும் மனமில்லாமல், வந்து சேர்ந்தது.

இந்தப் பகுதி அடங்கியிருந்த அக்காலத் திருவிதாங்கூரில் நாடார், புலையர், பறையர் முதலிய சாதிகள்மீது கூலியில்லா ஊழியமும் தலைவரியும் சுமத்தப்பட்டிருந்தன. பனையேறி நாடார் குடும்பத்துப் பெண் மேலுடம்பை மறைத்துக்கொள்வது குற்றமாகக் கருதப்பட்டது. அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையும் அடிமையாகவே வளர்ந்தது. இந்த ஒழுங்கின் கொடுமை மிகக் கூர்மையாக இறங்கியது பருவமெய்தும் வயதுப் பெண்கள்மீதுதான். சந்தைக்கும் வயலுக்கும் போகாமல் அவர்களால் பிழைக்க முடியாது. போகும் வழியிலேயே அவர்களின் மானம் பிறர் கையில் இருந்தது.

1819இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கு நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே சங்கத்தின் மிஷனரி சார்லஸ் மீடின் மனைவி யோகன்னா மீடும் இதே பணியில் ஈடுபட்டார்; பின்னர் நெய்யூர் அவர்களது தளமாயிற்று. எழுத்தும் வாசிப்பும் கற்ற அப்பெண்கள் தையலையும் பின்னலையும் சேர்த்துக் கற்றார்கள். 1821இல் ரேந்தை (லேஸ்) பின்னும் தொழில் தொடங்கியது. சிறு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த நுட்பமான வேலைக்கு ஐரோப்பியர் குடியிருந்த நகரங்களில் நல்ல விலை கிடைத்தது. விற்ற பணத்தில் பள்ளி நடந்தது, பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரசாணை 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே சில பெண்களின் விரல்கள் அந்த விடுதலை வேலையைத் தொடங்கிவிட்டன என்பது எனக்கு இந்த வரலாற்றின் மிகப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் இதே வரிசையில்தான் நகர்ந்தது. மிஷனில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டையை அணியத் தொடங்கியதும் 1822 முதல் தாக்குதல்கள் நடந்தன. சந்தையில் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரியில் அரசு பிறப்பித்த ஆணை பெண்களைக் காக்கவில்லை. மேலாடை உரிமையை மறுத்து, ஊழியக் கடமையை வலியுறுத்தியது. எனினும் பெண்கள் குப்பாயத்தைக் கழற்றவில்லை. 1858இல் கலவரம் மீண்டும் வெடித்து, பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தத்தால் 1859 ஜூலை 26இல் உரிமை அறிவிக்கப்பட்டது. அதுவும் அரைகுறையானது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி போர்த்தலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக்கூடாது என்றது ஆணை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்த வேலை, இதில் ஊர்ச் சமூகத்தின் பங்கு எங்கே என்று கேட்கலாம். மயிலாடியில் 1806இல் இலண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே வந்து பணி தொடங்குவதற்கு வழிவகுத்தவர் அவ்வூர் வேதமாணிக்கம். அடி விழும் என்று தெரிந்தும் மகளைக் குப்பாயத்தோடு சந்தைக்கு அனுப்பியவர்கள் பனையேறிக் குடும்பத்தினர். மிஷனுக்கு வெளியே, அதை ஏற்காமலேயே, அய்யா வைகுண்டர் 1830களில் கட்டியெழுப்பிய இயக்கம் இன்னும் வலுவான விடை. சாதி பாராமல் நீர் எடுக்க முத்திரிக் கிணறு, சேர்ந்து வாழ்ந்து உண்ட துவையல் பந்தி, ஊர்தோறும் கூடி வழிபட நிழல்தாங்கல் ஆகிய ஏற்பாடுகளுக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்படவில்லை. நிழல்தாங்கல்கள் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்த இடங்களாகவும் இருந்தன. மதத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் கூடுமிடம், கல்வி, துணை என்ற ஒரே முடிவுக்கு வந்தன என்றால், அந்தத் தேவை இம்மண்ணிலிருந்தே எழுந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

விடுதிப் பள்ளி அடக்கமான மனைவியரை உருவாக்கும் பட்டறையாக இருந்தது என்பது இன்னொரு மறுப்பு. ஆய்வாளர் ஜேன் ஹாகிஸ் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இல்லத்தரசி என்ற இலட்சியத்தைப் போதித்த மிஷனரிப் பெண்களே ரேந்தைத் தொழில் மூலம் கூலித் தொழிலாளிகளை உருவாக்கினார்கள் என்ற முரணை அவர் சுட்டுகிறார். அந்த முரண்தான் பெண்களுக்கு உதவியது என்பேன். போதனை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. கூலி வீட்டுக்குள்ளேயே அவர்கள் சொல்லுக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது.

முழுமையாக மறுக்க முடியாத குறை ஒன்று உண்டு. இந்த ஏற்பாடுகளின் பலன் நாடார் சமூகத்துக்குக் கிடைத்த அளவுக்குப் புலையர், பறையர் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. 1859 ஆணைக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும், 1915இல், கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் புலையப் பெண்கள் சாதி அடையாளமாகச் சுமந்த கல்மாலையை அறுத்தெறிய, புலையர் தலைவர் அய்யன்காளி தலைமையில் போராட வேண்டியிருந்தது. ஒருவர் ஏறிய படியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க ஒடுக்கப்பட்டவர்களுக்கிடையிலும் மனம் வரவில்லை.

இன்று இந்த மாவட்டத்தின் அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரித் தொழிற்சாலைகளில் முந்திரி உடைக்கவும் தோல் நீக்கவும் பெண்களே மிகுதியாக உழைக்கிறார்கள். கூலி இருக்கிறது, ஆனால் பழைய விடுதிப் பள்ளியில் அதோடு பிணைந்திருந்த படிப்பும் தங்குமிடமும் இந்தக் கூலியோடு சேர்ந்து வருவதில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாயை அவள் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. பணம் அவள் பெயரில் வருவது சரியான தொடக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அண்டி ஆபீஸுக்குப் போன அவள் தோழியின் பெயரில் அப்படி ஒன்றும் வருவதில்லை. 1821இல் ரேந்தைத் திண்டின் முன் உட்கார்ந்த அடிமைப் பெண்ணின் இடத்தில் இன்று இருப்பவள் அந்தத் தோழிதான்.