நிலையஞ்சார் நகர அபிவிருத்தியும் திருப்பூரும்

ரயில் நிலையத்தையோ பேருந்து நிலையத்தையோ நடுவாக வைத்து, நடந்து போய்வரும் தூரத்துக்குள் வீடும் தொழிலும் கடைவீதியும் நெருங்கி அமையுமாறு ஊரை நிர்மாணிப்பது நிலையஞ்சார் அபிவிருத்தி எனப்படும். அமெரிக்க நகர நிர்மாண நிபுணர் பீட்டர் கால்தார்ப் 1993இல் வெளியிட்ட நூலால் இக்கருத்து பிரசித்தி பெற்றது. 1997இல் செர்வெரோ, காக்கல்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர், ஜனநெருக்கம், நிலப் பயன்களின் கலப்பு, தெருவமைப்பு ஆகிய மூன்றும் பிரயாணத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று அளந்து காட்டினர். இந்திய அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டுக் கொள்கையோ, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பிரதேசத்தைக் கணக்கில் கொள்கிறது.

இந்த அளவுகோல்களைத் திருப்பூர் ரயிலடியில் வைத்துப் பார்த்தால், யாரும் திட்டமிடாமலே ஊர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். காதர்பேட்டையின் பனியன் கடைகளும் குடோன்களும் குடியிருப்புகளும் அங்கே அவ்வளவு நெருக்கமாகக் கலந்து கிடக்கின்றன. ஆனால் அந்த மதிப்பெண்ணை நம்பிவிடலாகாது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன் என்று ஒரு பனியன் பல கூரைகளைக் கடந்தே முழு உருவம் பெறுவதாலும், ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் இடையே துணிக்கட்டுகளை மொபெட்டில் முன்னும் பின்னும் அடுக்கிக்கொண்டு ஆட்கள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதாலும், மனிதப் பிரயாணத்தை மட்டும் எண்ணிச் சரக்கை எண்ணாத மதிப்பீடு இவ்வூரைப் பொறுத்தவரை பாதிக் கணக்கேயாகும்.

எண்ணப்படும் மனிதர்களிலும் ஒரு விசேஷம் உண்டு. பல்லடம், அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவோரில் அநேகரைக் கம்பெனி வேன்களே ஏற்றிவந்து இறக்குகின்றன; பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தாரோ ரயிலில் வந்திறங்கி, வாடகை கட்டுப்படியாகும் லைன் வீடுகளைத் தேடி நிலையத்தை விட்டு விலகிப்போகின்றனர். நிலையத்தைச் சுற்றி நிலமதிப்பு ஏறுவதை வெற்றியின் லக்ஷணமாகக் கொள்ளும் கணக்கில் இந்த விலகல் தென்படுவதே இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வெளியே வரும் ஒரு பெண்ணுக்கு டவுன் பஸ் கிடைக்கிறதா என்பது, என் அபிப்பிராயத்தில், மாடிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் நேர்மையான அளவுகோல்.

நீரும் இக்கணக்கில் சேர வேண்டியதே. கழிவு நீரை முற்றிலும் வெளிவிடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டபோது, ஊரின் தொழிலே ஸ்தம்பித்தது. அக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் நிலையைப் பார்க்காமல் ஜனநெருக்கத்தை மட்டும் புகழும் மதிப்பீட்டைத் திருப்பூருக்குப் பொருந்தியதென்று ஏற்பதற்கில்லை.