நெஞ்சில் நிகண்டு, ஏட்டில் அகராதி: சொல்தேடலின் வரலாறு

திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்த மாணவனுக்குச் சொற்பொருள் தேடச் சுவடி வேண்டியதில்லை. மண்டலபுருடர் அந்நூலை விருத்தத்தில் யாத்தார். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் அதன் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகை வரிசையில் நிற்கின்றன. முதலெழுத்து இருக்க, இரண்டாம் எழுத்தை ஏன் பிடித்தார் என இன்றைய மாணவர் வியக்கக்கூடும். ஓரடி வாயில் வந்துவிட்டால் அடுத்த அடியை எதுகை இழுத்து வரும்; நெஞ்சில் தங்கும் பட்டியலுக்கு அதுவே பொருத்தமான ஒழுங்கு.

மனப்பாடம் இல்லாதவருக்கோ அதே நூல் பெருந்தொல்லை. தேடும் சொல் தெய்வப்பெயரா, இடப்பெயரா என்று தெரிந்தாலன்றி எந்த ஓலையைப் புரட்டுவது? 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டைச் சொற்களின் முதலெழுத்து வரிசையில் அமைத்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். செய்யுள் யாப்போருக்குப் பயன்படும் தொடையகராதியை அவர் விடாமல் சேர்த்தது கவனிக்கத்தக்கது. பழைய ஒழுங்கின் பயனை அவர் நன்குணர்ந்திருந்தார். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதை மனப்பாடம் செய்ய எவரும் எண்ணியதில்லை.

நெஞ்சுக்கு ஓர் ஒழுங்கு, ஏட்டுக்கு வேறோர் ஒழுங்கு என்னும் இவ்வேறுபாடு கணினிக்குள்ளும் தலைகாட்டியது. எந்தச் சொல் எந்த ஆவணங்களில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவே தேடுபொறியின் உயிர். அது நினைவகத்தில் இருக்கிறதா, வட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் 50 வட்டுகள் சுழன்றன. வேண்டிய இடத்துக்குப் படிக்கும் முனை நகர்ந்து செல்ல வேண்டியிருந்தது. பிற்கால வன்தட்டிலும் ஓரிடத்தை எட்ட ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். நினைவகத்தில் அது ஒரு மைக்ரோவினாடியில் பத்திலொரு பங்கு. இரண்டுக்கும் இடையே இலட்சம் மடங்கு வேறுபாடு!

பத்து இலட்சம் சொற்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 20 படிகள் வேண்டும். நினைவகத்தில் அது பொருட்டன்று. வட்டிலோ ஒரு வினாடியில் ஐந்திலொரு பங்கை விழுங்கிவிடும். 1970இல் போயிங் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் உருவாக்கிய பி-மரம் இதற்குத் தீர்வு கண்டது. ஒவ்வொரு கணுவிலும் நூறு கிளைகள் இருந்தால் மூன்றே படிகளில் சொல்லை எட்டலாம். அகராதிப் பக்கத்தின் தலையில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் அச்சிடுவது போன்ற உத்தி இது.

நினைவகம் மலிவானபோது காற்று திசை மாறியது. 2001இல் கூகுள் தன் அடைவு முழுவதையும் பல கணினிகளின் நினைவகங்களில் பகிர்ந்து வைத்தது. ஆயினும் மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகும். ஆதலால் வட்டில் ஒரு படி எப்போதும் இருந்தாக வேண்டும். புலவர் மறைந்தால் அவர் நெஞ்சிலிருந்த நிகண்டும் மறையும் அல்லவா? வட்டில் அடிக்கடி வேண்டப்படும் பகுதியை இயங்குதளம் தானே நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் முதல் தேடல் மந்தமாகவும், மறுமுறை அதே தேடல் விரைவாகவும் அமைகின்றன.

நம் ஜொகூரில், கூலாய் வட்டாரத்துச் செடெனாக்கில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அத்தகைய மையங்களில் அடைவின் அளவே செலவு. இங்கே தமிழுக்குத் தனிச் சுமை உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். 'மரத்தில்' என்னும் சொல் மட்டும் 24 பைட். மரம், மரத்தை, மரங்களுக்கு என எல்லா வடிவங்களையும் அடைவில் ஏற்றினால் அது பெருத்து நினைவகத்தை மீறி வட்டுக்கு வழியும். வேர்ச்சொல்லை மட்டும் ஏற்றலாம் எனில், உருபையும் சாரியையையும் பிழையின்றிப் பிரிக்கும் இலக்கண அறிவு நிரலாளருக்கு வேண்டும். 'மாலை' என்பதில் ஐகாரத்தை உருபென்று வெட்டும் நிரல், மாலைப் பொழுதைத் திருமாலின்கீழ்க் கொண்டுபோய் வைத்துவிடும்.