மிளகு தந்த பிழைப்பு

நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதும் மாணவருக்கு ‘ஃபத்ஹுல் முஈன்’ பழகிய கிதாபு. அதனை இயற்றிய பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் முன்னோர், அரபிகள் ‘மஃபர்’ என்றழைத்த நம் கீழைக் கரையிலிருந்து மலபாரில் குடியேறியவர்கள். அப்பெரியாரின் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ போர் பற்றிய நூலென்றே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் மிளகும் இஞ்சியும் வணிகம் செய்யலாகாதென்று போர்த்துகீசியர் முஸ்லிம்களைத் தடுத்த செய்தியையும் அவர்கள் அதில் வேதனையுடன் பதிவு செய்திருக்கிறார்கள்.

அத்தடையின் சுமையை உணர வேண்டுமாயின் கொடியிலிருந்தே தொடங்க வேண்டும். முருக்கு மரத்தில் படரவிட்ட மிளகுக் கொடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகளாகும். பருவமழை பிந்தினால் பூ குறையும். பறித்த பச்சை மிளகு உலர்ந்தபின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மிஞ்சும். நெருப்பில் வறுப்பதால் மிளகு சுருங்குவதாகத் தம் நாட்டார் கருதியது பிழை, வெயிலே அதனைக் கறுக்கச் செய்கிறது என்று இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டிலேயே திருத்தியிருக்கிறார். இத்தனை காத்திருந்தும் மிளகு வயிற்றை நிரப்பாது. குடியானவனுக்கு அரிசியும் துணியும் வேண்டும். அவற்றைக் கொடுத்து மிளகை வாங்கிச் சென்றவர் வணிகர்.

1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் இவ்வொழுங்கு குலைந்தது. அந்நியர் கொச்சியில் நிர்ணயித்த விலையைப் பல பத்தாண்டுகள் உயர்த்தவில்லை. அதிலும் ஒரு பகுதியைச் செம்பாகக் கொடுத்தனர். கடலோடும் மரக்கலங்கள் அவர்களிடம் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்த்தாஸ்’ என்ற நம் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்ததென்பர்! சீட்டுப் பெற்றாலும் மிளகேற்ற உரிமையில்லை.

விளைவு யாது? அவர்களின் பண்டகசாலைக்கு ஈர மிளகும் மண் கலந்த மிளகும் வந்து சேர்ந்தன. நல்ல மிளகில் ஒரு பகுதி மலைக் கணவாய்கள் வழியே பொதிமாடுகளில் தமிழகத்துக்கு இறங்கியது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ‘முதஃப்பிஃபீன்’ என்றொரு அத்தியாயமே இறங்கியிருக்க, மண் கலந்ததை நியாயமென்று நான் எழுத மாட்டேன். எனினும் விற்பவனின் கையைக் கட்டி விலை வைத்தவனையும் அத்தராசில் நிறுத்தியே பார்க்க வேண்டும்.

கொச்சியில் போர்த்துகீசியருக்கே சரக்குக் கொடுத்து வந்த மரைக்காயர்களில் சிலர் பிழைப்பிழந்து சாமூதிரியின் பக்கம் சேர்ந்தனர். கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர் வரிசையில் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரரும் குறைந்த விலை ஒப்பந்தங்களையே நாடினர். 1741இல் குளச்சலில் அவர்களை முறியடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பின்னர் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். அதன்பின் அந்நாட்டுக் குடியானவன் தன் மிளகை அரசுப் பண்டகசாலைக்குச் சுமந்து சென்று, அங்கே சொன்ன விலைக்கு அளந்துவிட்டுத் திரும்பினான்.