எக்ஸ் சாளரத் தொகுதியும் அதன் கட்டுமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

மென்பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் பயனையும் அதனை ஆக்கியோரையும் பற்றிப் பேசுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். மூலநிரல் எவ்வாறு இயங்குநிரலாகக் கட்டப்படுகின்றது என்னும் வினா ஒதுக்கப்பட்டுவிடும். மூலநிரலைத் திறந்துவைப்பதனால் மட்டும் அது பலருக்கும் உரியதாகிவிடுவதில்லை. அதன் கட்டுமுறையும் பலர் கைக்கு எட்டுதல் வேண்டும். எக்ஸ் சாளரத் தொகுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1984இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றிய எக்ஸ், 1987இல் தனது பதினோராம் பதிப்பை அடைந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ருவாட் பெல்ட்மன் 1976இல் ஆக்கிய 'மேக்' என்னும் கருவி அப்போது வழக்கிலிருந்தது. ஆயின் யூனிக்ஸ் கணினிகள் உற்பத்தியாளருக்கேற்ப வேறுபட்டன. இவ்வேறுபாட்டை வெல்லவே 'ஐமேக்' எழுந்தது. ஒவ்வொரு கணினி வகையின் இயல்பையும் தனிக்கோப்பில் முன்கூட்டியே விவரித்து, அதிலிருந்து மேக்கிற்குரிய விதிகளை அது பிறப்பித்தது. அக்காலத் தேவைக்கு அது தக்க விடையே.

1990களில் நிலைமை மாறிற்று. 1991இல் தோன்றிய 'ஓட்டோகொன்ப்' கணினியையே சோதித்து அதன் இயல்பை அறியும் நெறியைப் பரப்பியது. 1993இல் தொடங்கிய டெபியன் போன்ற விநியோகங்களிலே, பிறர் எழுதிய மென்பொருளைப் பொதிகளாக்கி வழங்கும் ஒரு பிரிவினர் உருவாகினர். பொது நெறியொன்றை அறிந்தவர் எண்ணற்ற மென்பொருள்களைப் பொதியாக்க முடிந்தது. எக்ஸ் அந்நெறிக்குப் புறம்பாகவே நின்றது. நூலகங்கள், இயக்கிகள், எழுத்துருக்கள் யாவும் ஒரே மூலமரத்தில் அடங்கின. அதனைக் கட்டும் கட்டளை 'மேக் வேர்ல்ட்' எனப்பட்டது. பெயரே அதன் போக்கை உணர்த்தும். ஓர் இயக்கியிலே செய்த சிறு திருத்தங்கூட முழுத்தொகுதியின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருந்தது. காத்திராத விநியோகத்தார் பெரும் மூலமரத்தையே மீளக் கட்ட நேர்ந்தது. திருத்தும் உரிமை அனைவருக்கும் இருந்தது. திருத்தும் ஆற்றலோ சிலரிடமே தங்கிற்று.

2005 யூனில் வெளியான டெபியன் 3.1, 2003ஆம் ஆண்டின் எக்ஸ்எப்86 4.3.0 பதிப்பையே கொண்டிருந்தது. 2004இல் எழுந்த உரிமப் பிணக்கும் இத்தாமதத்திற்கு ஒரு காரணமாகும். அப்பிணக்கின் விளைவாக எக்ஸ்.ஓர்க் தலைமையில் பணி தொடர்ந்தது. 2005 டிசெம்பர் 21இல் 6.9, 7.0 என இரு பதிப்புகள் ஒருங்கே வெளியாகின. இரண்டின் மூலநிரலும் ஒன்றே. முன்னையது ஐமேக்கால் கட்டப்படும் ஒற்றை மரம். பின்னையது பொது நெறியிற் கட்டப்படும் தனிக்கூறுகளின் தொகுப்பு. கட்டுமுறையை மட்டும் மாற்றுவதே ஒரு பெரும் பதிப்புக்குரிய பணியாகக் கருதப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. இதன்பின் ஓர் இயக்கியைத் தனியே திருத்தி வெளியிடுதல் இயல்வதாயிற்று. 2007 ஏப்பிரலில் வெளியான டெபியன் 4.0, எக்ஸ்.ஓர்க் 7.1ஐ ஏற்றது.

கூறாக்கம் சுமையற்றதன்று. கூறுகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என ஆராயும் பொறுப்பு பொதியாக்குவோரைச் சார்ந்தது. அன்று பொது நெறியாயிருந்ததும் நிலைபெறவில்லை. 2021இல் வெளியான எக்ஸ் வழங்கியின் 21.1 பதிப்பு 'மீசன்' என்னும் வேறொரு கட்டுமுறையை முதன்மைப்படுத்தியது. ஆகவே எந்நெறி சிறந்தது என்பதினும், அந்நெறியால் யாருடைய கைகள் திருத்தும் ஆற்றலைப் பெறுகின்றன என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.