இரவல் குரலும் நடிப்பே

தொண்டை நாட்டில் பாரதக் கூத்து ஆடுபவர் தன் வேடத்துக்குத் தானே பாடுகிறார், தானே பேசுகிறார். அங்கே உடலும் குரலும் ஒரே ஆளுடையவை. திரைப்படம் இரண்டையும் பிரித்தது. ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பேசலாம் என்றாயிற்று. அதன்பின் முகம் காட்டியவர் நடிகர், குரல் தந்தவர் வெறும் உதவியாளர் என்ற கணக்கு நிலைத்துவிட்டது. இந்தக் கணக்கு பிழையானது என்பதற்கு டெல்லி கணேஷின் திரைவாழ்வே சான்று.

1944இல் வல்லநாட்டில் பிறந்த அவர் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் பழகிய அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’. 1979இல் ‘பசி’யில் ரிக்‌ஷாக்காரராகக் குடிசைப் பகுதிச் சென்னைத் தமிழ் பேசினார், தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 1987இல் ‘நாயகன்’ படத்தில், இந்தி அறியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர். 1990இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ சமையற்காரர் மணி ஐயராகப் பாலக்காட்டுத் தமிழ். நாயகர்களைப் போலத் தோற்றத்தால் மிரட்டும் வசதி குணச்சித்திர நடிகருக்கு இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாட்டைப் பேச்சுதான் சுமந்தது.

சொந்த முகத்தோடு பேசுவது நடிப்பு, அடுத்தவர் முகத்துக்குப் பேசுவது தொழில்நுட்பம்தானே என்று கேட்கலாம். 1981இல் பாலசந்தரின் ‘47 நாட்கள்’ வந்தது. முதல் மணத்தை மறைத்து ஒரு பெண்ணை மணந்து பாரிஸுக்கு அழைத்துப் போகும் கணவனாகச் சிரஞ்சீவி நடித்தார். தமிழ்க் குரல் டெல்லி கணேஷுடையது. இன்னொருவரின் உதட்டசைவுக்கும் மூச்சுக்கும் கட்டுப்பட்டு, அந்தக் கணவனின் கனிவையும் வஞ்சகத்தையும் ஒலியில் மட்டுமே காட்டியாக வேண்டும். கையும் கண்ணும் துணைக்கு வராத இடத்தில் செய்யும் இந்த வேலை நடிப்பின் குறைந்த வடிவம் அல்ல, கடினமான வடிவம்.

இரவல் குரல் திரையில் தோன்றியவரின் உழைப்பை மறைக்காதா என்பது அடுத்த கேள்வி. மறைக்காது. நடிகர் மோகனின் பல படங்களில் எஸ். என். சுரேந்தர் பேசினார், அதனால் மோகன் சிறுத்துவிடவில்லை. ஒரு பாத்திரத்தை இருவர் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பதே உண்மை. தமிழக அரசு திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு இருப்பதும் இதை ஒப்புக்கொள்வதுதான். 2024 நவம்பரில் மறைந்த டெல்லி கணேஷ் நடித்த படங்களை எண்ணுகிறவர்கள், அவர் முகமே தெரியாத ‘47 நாட்க’ளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.