17 பேரும் 5 இலட்சம் பேரும்

தொற்றுநோயியலாளர்களின் திறனை அளக்க இப்போது பல நாடுகளில் பட்டியல்கள் இருக்கின்றன. நோய்க் கண்காணிப்புத் தெரியுமா, புள்ளிவிபரம் வருமா, சனங்களுக்கு விளங்கச் சொல்வாரா என்று பார்த்து, குறையுள்ள இடத்தில் பயிற்சி கொடுப்பார்கள். பட்டியலில் பிழையில்லை. எப்போது அளக்கிறோம் என்பதுதான் கேள்வி. நோய் தலைகாட்டாத காலத்தில்தான் இந்தத் திறன் தேய்ந்து போகிறது. நம்மட நாட்டு மலேரியா வரலாறே அதற்குச் சாட்சி.

1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பக்கத்து ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு முட்டையிடத் தேடுவது அந்த மாதிரித் தண்ணீரைத்தான். இலங்கையில் மலேரியாவைப் பரப்புவது அந்த நுளம்பே என்பதைப் பூச்சியியலாளர் கார்ட்டர் 1920களிலேயே காட்டியிருந்தார். ஆனாலும் வறண்ட ஆற்றைப் பார்த்தவர்கள் பயிரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஈரவலயத்துச் சனங்களுக்கு மலேரியா பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மௌத்தானார்கள்.

அதன்பிறகு கேணல் கில் இதைப் பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சாபில் வேலை செய்தபோது மழையளவு, பள்ளிப் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கம், உணவு விலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வரப்போகும் பரவலை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர் அவர். பசித்த உடம்பை மலேரியா வேகமாகச் சாய்க்கும், அதனால்தான் விலை. இன்றைய திறன் பட்டியல் எதிலும் "கடைவிலை விசாரிக்கத் தெரியுமா?" என்ற கேள்வியை நான் காணவில்லை.

பிறகு டீ.டீ.ரி. வந்தது. 1963 இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வேலை முடிந்தது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரரைத் தேடிப்பிடித்து இரத்தம் சோதிக்கும் வேலையும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கவில்லை. மழை குறைந்த வருடங்கள் திரும்பவும் வந்தன. மாணிக்கம் தோண்டப் போனவர்களும் சேனை செய்தவர்களும் கிருமியை ஊரூராகக் கொண்டு திரிந்தார்கள். 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. 17 என்ற எண்ணைக் கண்டு சந்தோசப்பட்டவர்கள், அந்த 17 பேரும் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு இருந்தார்கள் என்று விடாமல் கேட்டிருந்தால் கதை கொஞ்சமாவது மாறியிருக்கும்.

இப்போது மறுபடியும் அதே மாதிரி அமைதியான காலம். சுதேச மலேரியாவின் கடைசி நோயாளர் கண்டறியப்பட்டது 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்றைய இளம் டாக்டர்மார் பலர் ஒரு மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. வெளிநாடு போய் வந்தவர் காய்ச்சலோடு வந்தால் முதலில் டெங்கு என்றே நினைப்பார்கள்.

சான்றிதழ் கிடைத்த சில மாதங்களுக்குள் மன்னாரில் ஒரு விசயம் நடந்தது. கிணறுகளில் குடம்பி எடுத்துச் சோதித்த பூச்சியியல் குழு, அதுவரை இங்கே பதிவாகாத ஸ்டெஃபென்சி நுளம்பைக் கண்டுபிடித்தது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். சுதேச மலேரியா இல்லாத நாட்டில் கிணற்றில் இறங்கும் வாளியை நிறுத்தாமல் வைத்திருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. அந்த ஆட்கள் ஓய்வுபெறும்போது அவர்களின் இடத்துக்கு எத்தனை பேர் பழகியிருப்பார்கள் என்பதைத்தான் திறன் மதிப்பீடு முதலில் கேட்க வேண்டும்.